மாதுளம்பழம் சொல்லிக்கொடுத்த பேட்டரி ரகசியம்

காலையில் ஃபுல் சார்ஜ். மாலைக்குள் பவர்பேங்க்கைத் தேடவைக்கிறது செல்போன். கேமரா, ஸ்கிரீன் எல்லாம் ஆண்டுதோறும் மாறினாலும், பேட்டரிக்குள் ஒரு பொருள் மட்டும் 1990-களிலிருந்து பெரிதாக மாறவில்லை. அது கிராஃபைட். பென்சில் முனையில் இருக்கும் அதே கறுப்புப் பொருள்தான்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரியின் மைனஸ் முனையான ஆனோடில் போய்த் தங்கும். அங்கே கிராஃபைட்டின் ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்துக்குத்தான் இடம் தரும். சிலிக்கானிலோ ஓர் அணுவே நான்கு லித்தியம் வரை ஏற்கும். எடைக்கு எடை பார்த்தால் சுமார் பத்து மடங்கு கொள்ளளவு. மணலிலேயே கொட்டிக்கிடக்கும் பொருள் வேறு. பிறகு ஏன் தாமதம்?

வீக்கம்தான் வில்லன். லித்தியத்தை வயிறு முட்ட வாங்கிய சிலிக்கான், மூன்று மடங்குக்கும் மேல் உப்பிவிடும். சார்ஜ் இறங்கினால் சுருங்கும். இப்படிச் சில முறை நடந்தாலே விரிசல் விட்டுப் பொடிந்துவிடும். விரிசலில் வெளிப்படும் புதிய பரப்பு, பேட்டரித் திரவத்தோடு வினைபுரிந்து படலமாகும். அதில் லித்தியமும் வீணாகும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் யி சுய் குழு, 2008-ல் சிலிக்கானைத் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய நானோ கம்பிகளாக்கியது. உப்பினாலும் அவை உடையவில்லை. ஆனால், படலத் தொல்லை தீரவில்லை.

2014-ல் அதே குழுவுக்குக் கைகொடுத்தது மாதுளை வடிவம். சிலிக்கான் நானோ துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கார்பன் கூடு. துகளுக்கும் கூட்டுக்கும் நடுவே காலி இடம். மாதுளை முத்துகள்போல் இவற்றைக் கொத்தாகச் சேர்த்து, மேலே கெட்டியாக ஒரு கார்பன் தோல். துகள் உப்பினாலும் உள்ளேயே இடம் இருப்பதால் கூடு உடையாது. திரவமும் சிலிக்கானைத் தொடாது. ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 97 சதவீதக் கொள்ளளவு மிஞ்சியது!

சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த பேட்டரிகள் வெவ்வேறு தயாரிப்பு முறைகளில் இப்போது கடைக்கே வந்துவிட்டன. 2023-ல் வந்த ஹானர் மேஜிக்5 ப்ரோவின் சீன மாடலில் இந்த வகை பேட்டரி. அளவு 5,450 எம்.ஏ.ஹெச். மற்ற நாடுகளில் விற்ற அதே போனில் 5,100தான்.

இன்னொரு சுவாரஸ்யம். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவை உமியில் சேர்த்துவைக்கிறது. அந்த உமியிலிருந்தே நானோ சிலிக்கான் எடுத்து, பேட்டரி செய்தும் 2013-ல் காட்டியிருக்கிறது யி சுய் குழு. ரைஸ்மில் ஓரம் மலைபோல் குவியும் உமிக்குள், நாளைய செல்போனின் சார்ஜ் ஒளிந்திருக்கலாம்!