வீடே பள்ளிக்கூடம், அம்மாவே டீச்சர்!

காலையில் மணி அடிக்காது. யூனிபாரம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் கணக்கு, இங்கிலீஷ், ஞானோபதேசம்! அமெரிக்காவில் பல கத்தோலிக்க வீடுகளில் இப்படித்தான் படிப்பு.

கோர்ட்டு தீர்ப்பு

1922-ல் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குத்தான் போகணுமாம்! கன்னியாஸ்திரீகள் கோர்ட்டுக்குப் போனார்கள். பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது பெற்றோர் உரிமை. சட்டம் செல்லாது என்று 1925-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

அது தனியார் பள்ளிக்கான வழக்கு. வீட்டுப் படிப்புக்கு 50 மாநிலங்களிலும் வழி பிறக்க 1993 ஆகிவிட்டது.

ஒரே சம்பளம்

உரிமை கிடைத்தது, சுமையும் கூடவே வந்தது. பெரும்பாலும் அம்மா வேலைக்குப் போக முடியாது. ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓடணும். பிள்ளை தேறாவிட்டால் யாரைக் குறை சொல்வது? வாத்தியாரும் அவரேதானே!