டயாலிசிஸ்ல இருக்கும் அப்பாவை நடக்க விடலாமா?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டி, பெங்களூருக்கு டயாலிசிஸ் போய்வருகிற அப்பா. வாரம் 3 நாள், தலா 4 மணி நேரம். மற்ற நாள்களிலும் 'அசையாம படுங்கப்பா'ன்னு சொல்ற ஆளா நீங்க?

சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் தேங்கும். ரத்தக் குழாய் சுவரில் கால்சியம் படியும். ரப்பர் டியூப் மாதிரி வளைய வேண்டியது பி.வி.சி பைப் மாதிரி விறைச்சுடும். டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதய, ரத்தக் குழாய் பிரச்னைகள்தான்.

தசை வேலை செய்யும்போது சில ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒன்று, 2012-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பெயரிட்ட ஐரிசின். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இது குறைவு. குறைந்தவர்களுக்குக் கால்சியம் படிவு அதிகம் என்கின்றன சில ஆய்வுகள். அதுதான் காரணம்னு இன்னும் நிரூபணமாகலை. அதனால 'ஐரிசின் பவுடர்'னு யாராவது வித்தா வாங்கிடாதீங்க!

டயாலிசிஸ் முடிந்ததும் பி.பி இறங்கலாம், அன்னிக்கு ஓய்வு சரி. மற்ற நாள்களில் டாக்டரைக் கேட்டுட்டு நடக்க விடுங்க. ஃபிஸ்டுலா போட்ட கையால் கனமா எதையும் தூக்கக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர்றாங்க. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.