ஆழ்கடலில் ஒரு குடிக்கணக்கு

மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஆள் வருவதை அன்பர்கள் அறிவர். கதவைத் தட்டினால் திறக்க ஒருவர் இருப்பார். பெயரைக் கேட்டால் சொல்லுவார். ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில், சூரிய ஒளி எட்டாத சேற்றில், எள்ளளவே உருவமுள்ள பிராணிகளைக் கணக்கெடுப்பது எங்ஙனம்? அந்தக் காரியம் பல கடல்களில் நடந்து வருகிறது. நம் நாட்டு விஞ்ஞானிகளும் அதில் ஈடுபட்டிருக்கின்றனர்.

ஆழ்கடலில் உயிரே இராது என்று ஒரு காலத்தில் நம்பினர். 1840-களின் தொடக்கத்தில் ஈஜியன் கடலை ஆராய்ந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, முந்நூறு பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிர்கள் இருக்கமாட்டா என்று கருதினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த ‘சாலஞ்சர்’ கப்பல் அக்கருத்தைத் தகர்த்தது. 362 இடங்களில் நின்று அது சோதனை செய்தது. அதன் வலைகளில் அகப்பட்ட புதிய இனங்கள் நாலாயிரத்துக்கு மேல்.

இவ்வரலாற்றில் நம் கல்கத்தாவுக்கும் பங்குண்டு. 1881-இல் பம்பாயில் கட்டப்பெற்ற ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற நீராவிக் கப்பல், இந்தியக் கரையோரங்களை அளந்து வரைபடம் எழுதுவதற்கென்றே அமைந்தது. அளவை வேலைக்கிடையே கிடைத்த ஓய்வில், கப்பல் வைத்தியரே வலை வீசி ஆழத்துப் பிராணிகளைச் சேகரித்தார். அவ்வாறு 1888 முதல் 1892 வரை பணியாற்றியவர் ஆல்காக். பின்னர் அவரே சௌரங்கியிலுள்ள இந்தியன் மியூசியத்தின் தலைவரானார். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாம் தவறாது அழைத்துச் செல்லும் அதே ‘ஜாதுகர்’தான். வங்காள விரிகுடாவின் இறால்களும் நண்டுகளும் சாராயப் புட்டிகளில் அங்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று பாத்திநோமஸ் என்னும் பிராணி. ஈரமான பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே ஒரு சாம்பல் நிறப் பூச்சி, அதற்கு இது உறவு. அந்தப் பூச்சி நகக்கண் அளவு; இந்த வமிசத்தில் சில ஓர் அடிக்கு மேல் வளர்வன.

ஆயினும் ஆழ்கடலின் பெருங்குடிகள் இத்தகைய பூதங்கள் அல்ல, நம் வீட்டுக் கூனிப்பொடியிலும் சிறியவை. அந்நாளைய வலைகளின் கண்கள் பெரியவை; சேற்றோடு சேர்ந்து சிறு உயிர்கள் அனைத்தும் கழுவுண்டு போயின. 1960-களில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹோவர்டு சாண்டர்ஸ், ராபர்ட் ஹெஸ்லர் இருவரும் கடலடித் தரையின்மேல் இழுத்துச் செல்லத்தக்க ஒரு சறுக்குவண்டி வலையைச் செய்து, கிடைத்ததை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள சல்லடையில் சலித்தனர். வெறும் பாலைவனம் என்று எண்ணியிருந்த சேற்றில் வகை வகையான உயிர்கள் நெருங்கி வாழ்வதை 1967-இல் அவர்கள் எழுதியபோது, துறையினர் வியந்தனர். கோதுமை மாவு சலிக்கும் நம் இல்லத்தரசிகளுக்கு இதில் வியப்பு இராது. சல்லடை எதுவோ அதற்குத் தக்கதே நிற்கும்.

இன்று பயன்படும் கருவிகளுள் முக்கியமானது ஒரு பெட்டி. அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட எஃகுப் பெட்டியைக் கம்பியில் கட்டி இறக்குவர். ஐயாயிரம் மீட்டர் இறங்க மணிக்கணக்காகும். பெட்டி சேற்றில் அமிழ்ந்ததும், மண்வாரி போன்ற தகடு ஒன்று பக்கவாட்டில் சுழன்று வந்து அடியை மூடிக்கொள்ளும். கேக்கை வெட்டி எடுத்தாற்போல் கடலடித் தரையின் ஒரு துண்டு மேலே வரும். அதை ஏடு ஏடாகப் பிரித்து, குளிர்ந்த கடல்நீரில் சலிப்பர். வெந்நாட்டுக் கப்பல் தளத்தின் வெப்பம் பட்டால் உடலின் உட்கூறுகள் கெட்டுவிடும். ஓடியாடும் பிராணிகளைப் பிடிக்க இரை வைத்த பொறிகளும் உண்டு. மீன்துண்டை உள்ளே வைத்து இறக்கினால், ஆம்பிபாட் எனப்படும் கூன்முதுகுப் பிராணிகள் மோப்பம் பிடித்துக் கூட்டமாக வந்து நுழைந்துவிடும்.

அடுத்த வேலை நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு நன்கு விளங்குவது. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் எந்த இடம், எந்த ஆழம், எந்த நாள் என்று பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை இடுவர். சாதாரண மை சாராயத்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சில். பார்சல் ஆபீசில் சீட்டு உரிந்துபோன மூட்டை எவருக்கும் உரியதன்று. கிடங்கு மூலையில் கிடக்க வேண்டியதுதான். சீட்டில்லாத பிராணியும் அவ்விதமே. அதை வைத்து ஆராய்ச்சியாளர் எதையும் நிரூபிக்க இயலாது.

அவ்வாழத்தில் நீரின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றினுடையதைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு. குளிர் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறாது. மேலே செத்த உயிர்களின் துகள்கள் பனிபோல் உதிர்ந்து வருவதே பெரும்பான்மை உணவு. அதுவும் சொற்பம், ஆதலின் குடிகளும் சதுர மீட்டருக்குச் சில நூறுதான், ஆனால் வகைகள் மிகுதி. ஆம்பிபாட், ஐசோபாட் போன்றவற்றின் தாய், முட்டைகளைத் தன் வயிற்றடியிலுள்ள பையில் வைத்துக் காக்கும். பிற கடற்பிராணிகளின் குஞ்சுகளைப்போல் இவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரதேசம் போவதில்லை. ஆகவே ஓரிடத்துக் குடி அழிந்தால், வேறிடத்திலிருந்து வந்து குடியேற நெடுங்காலம் ஆகலாம். இரையை நாடி நீந்தித் திரியும் சில பெரிய ஆம்பிபாட்டுகள் இதற்கு விலக்கு.

இக்கணக்குக்கு அவசரம் வந்ததன் காரணம் அத்தரையில் கிடக்கும் உருளைக்கிழங்கு போன்ற கருங்கட்டிகள். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியவை அவற்றில் உண்டு. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் அளவே வளர்பவை. 1981 ஜனவரி 26-இல் ‘கவேஷணி’ என்ற நம் ஆராய்ச்சிக் கப்பல் அரபிக்கடலிலிருந்து முதல் கட்டியை எடுத்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், நடு இந்தியப் பெருங்கடலில் கட்டிகளை ஆராயும் உரிமைக்கு இந்தியா 2002-இல் சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்தது. அவ்விடத்தின் பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர்.

கட்டிகளை அள்ளினால் சேற்றுக் குடிகள் என்னாவது? கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தார் 1997-இலேயே இதைச் சோதித்தனர். 3,000 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள தரையை வேண்டுமென்றே கலக்கிவிட்டு, முன்னும் பின்னும் குடிகளை எண்ணினர், தொகை குறைந்திருந்தது. 44 மாதங்கள் கழித்து மீண்டும் சென்று மாதிரி எடுத்தனர். பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் 1989-இல் ஜெர்மானியர் உழுத தடங்களை 2015-இல் போய்ப் பார்த்தபோது அவை அப்படியே தெரிந்தன. நம் வயல்களில் ஒரு மழைக்கே மறைந்துவிடும் உழவுச்சால், அங்கே 26 ஆண்டுகளாகியும் மறையவில்லை! முதலில் எண்ணி, பெயரிட்டு முடிக்கட்டும். அதன்பின் அள்ளுவதைப் பற்றிப் பேசலாம் என்பதே நம் எண்ணம். உலோகம் நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் இருப்புப் பட்டியல் எழுதாமல் கிடங்கைத் திறந்துவிடுவதை எந்த ஸ்டோர்கீப்பரும் ஒப்பார்.

பெயரிடும் வேலையோ மலையளவு நிற்கிறது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே, கட்டிகள் நிறைந்த பசிபிக் பகுதியில் 5,578 இனங்கள் கிடைத்துள்ளன என்றும், அவற்றுள் ஏறத்தாழ 90 சதவிகிதம் இன்னும் பெயரிடப்படாதவை என்றும் 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2020-இல் மரியானா அகழியின் ஓர் ஆம்பிபாட்டுக்கு ‘யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ்’ என்று பெயர் சூட்டினர். ஆறாயிரம் மீட்டருக்கும் கீழே வாழும் அதன் குடலில் பிளாஸ்டிக் இழை இருந்ததே காரணம். நாம் பெயர் வைக்கும் முன்னரே நம் குப்பை அங்கே போய்விட்டது.

பூதக்கண்ணாடியின்கீழ் ஒரு காலையும் ஒரு மீசையையும் பார்த்து இனம் பிரிக்க வல்லவர் உலகில் மிகச் சிலரே. ஒருவர் அதில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். நம் குடும்பங்களில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளும் பெண்களும், பட்டம் பெற்றபின் எங்கே போவது என்று கேட்பதுண்டு. கோவாவில் மேற்சொன்ன நிறுவனம், கொச்சியில் கடல்வாழ் உயிர்வளத்துக்கான மத்திய மையம், சென்னைப் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை உள்ளன. கல்கத்தாவிலேயே இருப்பவர்களுக்கு, ஜாதுகரின் விலங்கியல் பகுதியிலிருந்து 1916-இல் பிரிந்து உருவான இந்திய விலங்கியல் ஆய்வகம் இருக்கிறது.