துருத்தாத வாய்

ஜெட் விமானத்தின் பக்கவாட்டில் எஞ்சினுக்குக் காற்று வாங்கப் புடைத்து நிற்கும் வாயைப் படங்களிலாவது பார்த்திருப்போம். பறக்கும்போது வெளியே துருத்தும் எதுவும் இழுவையைக் கூட்டும், எரிபொருளைத் தின்னும். அப்படியானால் வாயே துருத்தாமல், விமானத்தின் உடலில் ஒரு பள்ளத்தை மட்டும் வெட்டிக் காற்றை உள்ளே இழுத்தால் என்ன?

கேட்க எளிது. ஆனால் ஆற்றில் கரையோரத் தண்ணீர் தயங்கித் தயங்கி நகர்வதைப் போல, விமானத்தின் மேற்பரப்பை ஒட்டிய காற்றும் உராய்வால் வேகம் இழந்துவிடுகிறது. ‘எல்லை அடுக்கு’ எனப்படும் இந்தச் சோர்ந்த காற்று, மூக்கிலிருந்து பின்னால் போகப்போகத் தடித்துக்கொண்டே போகும். புடைத்த வாய் உடலைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று இதைத் தவிர்த்துவிடும். வெறும் பள்ளத்துக்கோ முதலில் வந்து விழுவதே இந்தக் காற்றுதான். உள்ளே போகும் காற்றின் அழுத்தம் குறைந்தால் எஞ்சினின் உந்துவிசையும் குறையும்.

கலிபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஃப்ரிக், டேவிஸ், ராண்டால், மாஸ்மேன் ஆகிய நால்வர் இதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்து, 1945-இல் அறிக்கை தந்தார்கள். நாசாவின் முன்னோடியான நாகாவின் ஆய்வுக்கூடம் அது. அவர்கள் கண்ட வடிவத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முன்பக்கம் மிகக் குறுகலாகத் தொடங்கி, இருபுறச் சுவர்களும் வளைந்து விலகி, பின்னால் அகன்ற வாயில் முடிகிறது. தரை ஏறத்தாழ 7 டிகிரிதான் சரிகிறது. சுவர்களின் மேல்விளிம்புகள் கூர்மையானவை. வாயின் பின்உதடு மட்டும் மழுங்கிய வளைவு. முன்பக்கம் குறுகல் என்பதால் சோர்ந்த காற்று குறைவாகவே பள்ளத்தில் இறங்குகிறது. கூர்விளிம்புகளைச் சாய்வாகக் கடக்கும் காற்று இரண்டு சுழல்களாக முறுக்கிக்கொண்டு, வெளியே ஓடும் வேகமான காற்றைக் கீழே இழுத்து வருகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. எல்லா வேலையையும் வடிவமே செய்கிறது. இவ்வளவு சிக்கனமான பொறியியலை அதிகம் காண முடியாது.

பெரிய சோதனை 1950 ஜனவரியில் வந்தது. நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் ஒய்எஃப்-93 போர் விமானம் இரு பக்கமும் இத்தகைய பள்ளங்களோடு பறந்தது. கட்டப்பட்டவை இரண்டே விமானங்கள். அவற்றைக் கொண்டு பள்ள வாயையும் புடைத்த வாயையும் பறக்கவிட்டே ஒப்பிட்டார்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும் போர் விமானங்களுக்குப் புடைத்த வாயே நிலைத்தது. பள்ள வாய் சிறிய வேலைகளுக்கு இடம்பெயர்ந்தது: குளிர்விக்கும் காற்று, அறைக்குள் காற்றோட்டம், பந்தயக் கார்கள். ஹார்ப்பூன் ஏவுகணையின் அடிவயிற்றிலோ அது இன்னமும் எஞ்சினுக்கே காற்று ஊட்டுகிறது.

இப்போது அந்தச் சோர்ந்த காற்றையே வேண்டுமென்று விழுங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. வேகம் இழந்த காற்றை எஞ்சின் மறுபடி முடுக்கிவிட்டால், விமானம் தனக்குப் பின்னால் வீணாக விட்டுச்செல்லும் ஆற்றல் குறையும், எரிபொருளும் மிஞ்சும். இதில் அடிவாங்குவது எஞ்சினின் விசிறிதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இதழும் வேகமான காற்றிலிருந்து மெதுவான காற்றுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். அந்த ஓயாத அதிர்வில் உலோகம் களைத்துவிடும். இதைத் தாங்கும்படி வடிவமைத்த விசிறி ஒன்றை, உடலில் பாதி புதைந்த வாயோடு, கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் கிளென் மையம் 2016 இறுதியில் காற்றுச் சுரங்கத்தில் ஓட்டிப் பார்த்தது. பயணிகள் விமானம் எதுவும் இன்னும் அந்த விசிறியோடு பறக்கவில்லை.