கல்லூரியில் வரலாறு

பள்ளி வரலாற்றுப் பாடம் நடந்ததைக் கூறுகிறது. பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் மாணவர், ‘அது நடந்தது என்பதற்குச் சான்று யாது?’ என வினவக் கற்கிறார். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசு ஆவணம் ஆகியவை அவருக்குச் சான்றுகள். வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கொள்பவர் பட்டப்படிப்பு முழுவதும் அதனை ஆழ்ந்து பயில்வார். பொருளாதாரம் போன்ற வேறு துறையை முதன்மையாகக் கொண்டவர், அதனைத் துணைப்பாடமாகச் சில தாள்கள் மட்டும் பயிலலாம்.

1954ஆம் ஆண்டு திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதற்கு அண்மையிலுள்ள திருமலைக் கோயில் சுவர்களே சான்றுகள் நிறைந்த ஏடுகளாக விளங்குகின்றன. நிலமும் பொன்னும் விளக்கும் கோயிலுக்கு வழங்கப்பட்ட செய்திகளை அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகளும் உள்ளன.

ஆந்திராவில் தமிழ்க் கல்வெட்டுகள் எவ்வாறு வந்தன? இப்பகுதி பண்டைத் தொண்டை மண்டலத்தைச் சார்ந்தது. 1911 வரை சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்திலிருந்த திருத்தணி, 1960இல் தமிழகத்துடன் இணைந்தது. எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. கல்வெட்டுகளோ வெட்டப்பட்ட இடத்திலேயே நிற்கின்றன.

கல்வெட்டின் எழுத்து இன்றைய எழுத்தினின்று வேறுபட்டது. எனினும், இன்றைய தமிழைப் பிழையின்றிப் படிப்பவர் அதனை எளிதில் பழகலாம். வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் சித்தூர் மாணவர், தமிழ் எழுத்தையும் கைவிடாது கற்பாராயின், தம் ஊரின் வரலாற்றை மூலச் சான்றிலிருந்தே அறியலாம். கல்லாதவர் பிறர் மொழிபெயர்ப்பையே நம்ப நேரும்.