வகுப்பறைக்கு வெளியே சொல்லித்தருபவர் எங்கே படிக்கிறார்?

பி.எட். முடித்த ஒருவருக்குக் கரும்பலகை முன்னால் நிற்கத் தெரியும். முப்பது பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறார் என்று வையுங்கள். நாலு பேர் தண்ணீரைப் பார்த்து ஓடுகிறார்கள், இரண்டு பேர் எறும்புப் புற்றின் மேல் நிற்கிறார்கள், ஒருத்தி கையை நீட்டி "சார், அது என்ன பறவை?" என்கிறாள். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

இயற்கை நடை நடத்துபவர்கள், மலையேற்றக் குழுவை அழைத்துச் செல்பவர்கள், கடற்கரையில் நண்டும் சிப்பியும் காட்டுபவர்கள், பள்ளியில் பசுமைப் படைக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். நம் நாட்டில் இதற்கென்று பொதுவான உரிமமோ கட்டாயச் சான்றிதழோ கிடையாது. கழுத்தில் பைனாகுலர் தொங்கினால் போதும், 'நேச்சர் எஜுகேட்டர்' என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். அப்படி அடித்துக்கொண்டவர்களில் பலர் வேலையை நன்றாகவே செய்கிறார்கள். அவர்களிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், கல்லூரிப் பெயரைவிட ஒரு மனிதரின் பெயரோ ஒரு குழுவின் பெயரோதான் முதலில் வரும். இந்தத் தொழிலைப் பெரும்பாலும் இன்னொருவர் பக்கத்தில் நடந்துதான் கற்க முடிகிறது. முறையாக உட்கார்ந்து, தேர்வெழுதிக் கற்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது பாதுகாப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

பக்கத்தில் நடந்து கற்பது எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையின் ஆமை நடை நல்ல எடுத்துக்காட்டு. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் இரவில் நடக்கிறார்கள். ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். நாயும் மனிதரும் எடுத்துவிடாமல் அந்த முட்டைகளைப் பொறிப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூடவே நடக்கலாம்.

நடை தொடங்குவதற்கு முன் ஒரு தன்னார்வலர் மணலில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவார். டார்ச் அடிக்கக் கூடாது என்பதை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். "அடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் பத்து நிமிடத்தில் யாராவது செல்போனை எடுத்துவிடுவார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துப் போகும், கடலில் தெரியும் மங்கலான வெளிச்சத்தைவிடச் சாலை விளக்கு பளிச்சென்று இருந்தால் சாலைக்கே போய்விடும் என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், கூட வந்தவர்களே ஒருவரை ஒருவர் தடுப்பார்கள். ஆமை வராமலே போகக்கூடும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். விடியும்வரை நடந்து ஒன்றும் பார்க்காத கூட்டத்தின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை. இரண்டு மூன்று பருவம் கூடவே நடந்த கல்லூரி மாணவர் ஒருநாள் தானே எழுந்து அந்த உரையைச் சொல்லவேண்டி வரும். அப்போதுதான் அவர் கல்வியாளர் ஆகிறார்.

அடுத்தது கணக்கெடுப்புகள். பெயரைக் கேட்டால் விஞ்ஞானிகள் வேலை என்று தோன்றும். நடப்பதைப் பார்த்தால், வெளியே சொல்லித்தர விரும்புகிறவர்களுக்கு இதைவிட மலிவான பயிற்சிக் களம் கிடையாது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறக் கணக்கெடுப்பு 1998-இல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தியா 2013-இல் சேர்ந்துகொண்டது. அதே நாட்களில் பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கெடுப்பும் நடக்கிறது. விதி எளிது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, பார்த்த, குரல் கேட்ட பறவைகள் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதி, இ-பேர்டு செயலியில் ஏற்றிவிட வேண்டும்.

'எல்லாவற்றையும்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. அரிய பறவைக்காக அலைந்து பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அலுப்பு. பிள்ளைகளுக்கோ இதுதான் பிடித்த பகுதி, ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த பறவையும் கணக்கில் சேர்கிறது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரும்பறவை ஒன்றை ஒரு சிறுவன் காட்டுகிறான். "கரிச்சான்" என்று சொல்லி முடித்துவிடுவது அரைகுறை வழிநடத்துநரின் பழக்கம். தேர்ந்தவர் திருப்பிக் கேட்பார். சிட்டுக்குருவியைவிடப் பெரிசா? மைனா அளவா, காகம் அளவா? வால் எப்படி இருக்கு? எங்கே பறந்து போய், எங்கே திரும்பி உட்காருது? கவட்டையாகப் பிளந்த வாலையும், பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும் பழக்கத்தையும் பையனே சொல்லிவிட்ட பிறகு, "எங்க பாட்டி இரட்டைவால் குருவின்னு சொல்லும்" என்று அவனே பெயரையும் சொல்லக்கூடும். புதிதாக வந்த ஆசிரியர் பக்கத்தில் நின்று இதை ஒருமுறை பார்த்தால் போதும். கையேட்டில் எத்தனை பக்கம் எழுதினாலும் இது வராது.

ஜூலை கடைசியில் வரும் அந்துப்பூச்சி வாரமும் இதே வகைதான். 2012-இல் அமெரிக்காவில் தொடங்கி இங்கும் பரவியிருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். காட்டுக்குப் போக அனுமதி கிடைக்காத பள்ளிக்கு இது வரப்பிரசாதம். வெளியே போகவே முடியாத ஆசிரியருக்கு சீசன்வாட்ச் இருக்கிறது. பள்ளி வளாகத்து மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துவருவது. விழா மாதிரி கூட்டம் கூடாது. ஆனால் ஒரே புளியமரத்தை ஓராண்டு பார்த்த ஆசிரியர், அதன் பிறகு எந்த மரத்தடியிலும் தடுமாறாமல் பேசுவார்.

இனிப் பயிலரங்குகள். மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் 'ஏர்லி பேர்டு' குழு, பறவைகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவோருக்கெனப் பயிற்சிகள் நடத்துகிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படஅட்டைகளும் சுவரொட்டிகளும் போட்டிருக்கிறது. அதே நிறுவனத்தின் 'நேச்சர் கிளாஸ்ரூம்ஸ்' ஆசிரியர்களோடு சேர்ந்து, எந்த வயதில் எதைக் காட்டலாம் என்று ஒரு சட்டகமே வகுத்திருக்கிறது. சென்னையில் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளில் உறுப்பினர்களின் களப்பயணமே பயிற்சி.

ஒரு பயிலரங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாளும் குளிரூட்டிய அரங்கில் திரைக்காட்சி என்றால், தயங்காமல் விட்டுவிடலாம். நல்ல பயிலரங்கில் பாதி நேரமாவது வெளியே கழியும். அங்கே உங்களையே ஒரு பத்து நிமிடப் பாடம் நடத்தச் சொல்வார்கள், மற்றவர்கள் பிள்ளைகளாக நடிப்பார்கள், முடிந்ததும் தவறுகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். சின்னச் சின்ன விஷயங்கள்தான். காலையில் குழுவோடு பேசும்போது சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகளின் முதுகில் விழட்டும். மாற்றி நின்றால் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள். பைனாகுலரைக் கையில் கொடுப்பதற்கு முன் வாரைக் கழுத்தில் மாட்டுங்கள். தெரியாத பறவைக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். முதல் மூன்றும் ஒரே நாளில் பழகிவிடும், நாலாவதற்குத்தான் சிலருக்கு வருடக்கணக்காகிறது.

பாதுகாப்புக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையின் தொடக்கத்தில் காய்ந்த புல் மூடிய சரிவில் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை வழிநடத்துபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தபோது, காட்டையொட்டிய ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன.

வெளியே அழைத்துப் போகிற எவரும் முறையாகப் படித்தே ஆக வேண்டியது முதலுதவி. ஊருக்குள் செய்யும் முதலுதவிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. 108-ஐக் கூப்பிட்டால் சீக்கிரம் வண்டி வந்துவிடும் என்பது முதலாவதன் அடிப்படை. மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளியிருந்தால் என்ன செய்வது என்பதை வனப்பகுதி முதலுதவிப் படிப்புகள் சொல்லித்தருகின்றன. அறிமுகப் படிப்பு பொதுவாக இரண்டு நாள், அடுத்த நிலை 70, 80 மணி நேரம். முசூரியில் உள்ள ஹனிஃபல் மையம் போன்ற இடங்களில் இந்தியாவிலேயே படிக்கலாம். பனிமலைக்கு அழைத்துச் செல்வோருக்கு டார்ஜிலிங்கிலும் (1954) உத்தரகாசியிலும் (1965) உள்ள மலையேற்ற நிறுவனங்கள் அடிப்படை, உயர்நிலை, பயிற்றுநர் எனப் படிப்படியான பாடங்கள் வைத்திருக்கின்றன. ஒரு படியில் நல்ல தரம் வாங்காமல் அடுத்ததில் ஏற முடியாது.

நம் பக்கத்தில் உண்மையில் வரும் ஆபத்துகள் சிலவே. பாம்பு கடித்தால் கத்தியால் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல், நச்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் செய்ய வேண்டியது. எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே போன் போட்டுக் கேட்டு வைக்க வேண்டும். பாம்பைவிட மலைத்தேனீக்கு நான் அதிகம் அஞ்சுவேன், ஒரே நேரத்தில் முழுக் குழுவையும் அது தாக்கும். பாறையிலோ உயர்ந்த மரத்திலோ தேனடை இருக்கிற இடத்தை முந்தைய நாளே பார்த்துவிட்டு வர வேண்டும், அன்று சென்ட் அடித்துக்கொண்டு வந்த பிள்ளையைப் பின்னால் நிறுத்த வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது.

இந்த அறிவில் பெரும்பகுதி சான்றிதழ் இல்லாதவர்களிடம் இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாட்டில் நச்சுமுறி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பங்கு நெடுங்காலமாக அங்கிருந்துதான் போகிறது. மண்ணில் பதிந்த தடத்தை வைத்து இன்ன பாம்பு, இந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பயிற்சி நடத்தும் அமைப்புகள் இப்படிப்பட்டவர்களைக் கூப்பிடும்போது, ஒரு சால்வையைப் போர்த்திப் படம் எடுத்துவிட்டு அனுப்புவது இன்னும் நடக்கிறது. நகரத்திலிருந்து வரும் பேச்சாளருக்கு என்ன கட்டணமோ அதையே இவருக்கும் கொடுக்க வேண்டும், அவர் பேசுவதற்கு அரங்கத்தை ஒதுக்காமல் காட்டுப்பாதையை ஒதுக்க வேண்டும்.

நம் கூட்டங்களில் இன்னும் பழகாத ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வெளிக்களக் கல்வி நிறுவனங்கள் 1990-களிலிருந்து ஆண்டுதோறும் கூடி, இடர் மேலாண்மையை மட்டுமே பேசும் மாநாடு நடத்துகின்றன. விபத்துகளோடு, விபத்தாகாமல் மயிரிழையில் தப்பியவற்றையும் அங்கே அலசுகிறார்கள். இங்கே ஒரு குழுவில் பிள்ளை ஒன்று அரைமணி நேரம் காணாமல் போய்க் கிடைத்தால், அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான். இதனால் அடுத்த குழு அதே வளைவில் அதே மாதிரி ஒரு பிள்ளையைத் தவறவிடும். பெரிய மாநாடு எல்லாம் தேவையில்லை. ஒரு மாவட்டத்தில் இந்த வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பள்ளியில் கூடலாம். ஆள் பெயரும் பள்ளி பெயரும் இல்லாமல், எந்த இடம், என்ன நேரம், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள், என்ன நடந்தது, எதை மாற்றினோம் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டலாம். செலவு என்று பார்த்தால் டீயும் வடையும்தான்.