தண்ணீர் ஓடினால் தீ பிடிக்கும்: தொட்டியில்லா கீசர் எப்படி இயங்குகிறது?

கீழப்பாவூர்ப் பக்கம் வெந்நீர் தேடும் காலம் இரண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, குற்றாலத்துச் சாரலை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து போடும் காலம் ஒன்று. மார்கழி, தை மாத விடியற்காலை மற்றொன்று. முன்பெல்லாம் புறவாசலில் விறகடுப்பு மூட்டி அண்டாவில் வெந்நீர் போட்டார்கள். பிறகு குளியலறைச் சுவரில் 15 லிட்டர், 25 லிட்டர் மின்சார கீசர் ஏறியது. இப்போது பலரும் கேட்பது தொட்டியே இல்லாத கேஸ் கீசரை. அதை வாங்கி மாட்டுவதற்கு முன், அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். உள்ளே நடப்பது புரிந்தால், எங்கே மாட்டக் கூடாது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

பாவூர்சத்திரத்தில் ராத்திரி திறக்கும் ஒரு தோசைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் அண்டாவில் முன்கூட்டியே தயாராக இருக்கும். ஆறாமல் இருக்க அடியில் சிறு தீ எரிந்துகொண்டே இருக்கும். தொட்டி வைத்த கீசர் இந்தச் சாம்பார் அண்டா. தோசை அப்படியில்லை. ஆள் வந்து உட்கார்ந்து கேட்ட பிறகுதான் மாவு கல்லில் விழும். தொட்டியில்லா கீசர் இந்தத் தோசைக் கல்.

முதலில் நீங்கள் குழாயைத் திறக்கிறீர்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் கீசருக்குள் ஓடத் தொடங்குகிறது. உள்ளே நுழைந்ததும் அது ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு சிறு கம்பியைத் தள்ளும். கம்பி நகர்ந்ததும் கேஸ் வால்வுக்கும் தீப்பொறிக்கும் சேதி போய்விடும். தோசைக் கடையில் ‘ரெண்டு சாதா’ என்று சப்ளையர் கொடுக்கும் குரல் இதுதான். தண்ணீர் நின்றால் சவ்வு பழைய இடத்துக்குத் திரும்பும், தீ அணையும்.

அடுத்து, தீ. டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி இரண்டு அடியில் ஒரு பெட்டியில் இருக்கும். ‘டிக் டிக்’ என்று பொறி தட்டுவது அவற்றின் வேலை. அதனால் கரண்ட் இல்லாத நேரத்திலும் இந்த கீசர் எரியும். பிறகு தீயின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கம்பி, உண்மையாகவே தீ பிடித்ததா என்று பார்க்கும். கல் காய்ந்துவிட்டதா என்று மாஸ்டர் தண்ணீர் தெளித்துப் பார்ப்பாரே, அந்த வேலை. சில நொடிகளுக்குள் தீ தெரியாவிட்டால் கேஸ் தானாக அடைபடும்.

தீக்கு மேலே இருப்பதுதான் கல்: வரிவரியாகச் செம்புத் தகடு கோத்து, அதைச் சுற்றி வளைந்து ஓடும் செம்புக் குழாய். மாவைக் கல்லில் மெல்லிசாக இழுத்துவிட்டால் சட்டென்று வேகும் அல்லவா? அதுபோல, குறுகிய குழாயில் ஓடும் சிறிதளவு தண்ணீர், தகடுகள் வாங்கிக் கொடுக்கும் சூட்டை ஓட்டத்திலேயே எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது.

இங்கே ஒரு கணக்கு. பெட்டியில் ‘6 லிட்டர்’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும் என்று பொருள். அதற்கு 10.5 கிலோவாட் வெப்பம் வேண்டும். நம் ஊரில் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி, குளிக்க 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உயர்த்த வேண்டியது 16 டிகிரிதான். எனவே தீயைக் குறைத்து வைத்தாலே போதும். நடுங்கும் குளிருள்ள வட இந்திய ஊருக்கு வாங்குவதுபோல் பெரிய கீசர் வாங்க வேண்டாம். 20 லிட்டர் வாளி ஒன்றுக்குச் சுமார் 35 கிராம் கேஸ் ஆகும். நாலு பேர் தினம் ஆளுக்கு ஒரு வாளி என்றால், 14.2 கிலோ சிலிண்டர் 100 நாள் வரை வரும்.

மின்சாரத்திலும் தொட்டியில்லா கீசர் உண்டு. ஆனால் வீட்டு 16 ஆம்பியர் பிளக் தாங்குவது 3 கிலோவாட், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அதே 16 டிகிரிக்கு அது நிமிடத்துக்கு மூன்று லிட்டர்கூடக் கொடுக்காது. வாளி நிறைய ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். கல் சிறியதாக இருந்து, அவசரப்பட்டு எடுத்தால் தோசை வேகாது. குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். வாங்கினால் தனி வயர், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம் வேண்டும்.

இனி மாட்டும் வேலை. சவ்வைத் தள்ள அழுத்தம் தேவை. தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 0.2 பார் அழுத்தம். பல கீசர்களுக்கு அதுதான் குறைந்தபட்சத் தேவை. உங்கள் கீசருக்கு எவ்வளவு என்பது அதன் லேபிளில் இருக்கும். மாடிக் குளியலறைக்கு நேர் மேலே தரையோடு தரையாக சின்டெக்ஸ் உட்கார்ந்திருந்தால் சவ்வு அசையாது, தீயும் பிடிக்காது. அப்போது தொட்டியை மேடை கட்டி உயர்த்த வேண்டும், அல்லது பிரஷர் பம்பு வைக்க வேண்டும். வெந்நீர் வரும் பக்கம் சிபிவிசி குழாய் போடுங்கள். சாதா பிவிசி இளகிவிடும். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அரை அங்குலக் குழாய் 10 மீட்டர் ஓடினால், வெந்நீர் வருவதற்கு முன் ஒரு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீர் கழியும். உங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விடுமானால், செம்புக் குழாய்க்குள்ளும் விடும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இதெல்லாம் தவறினால் வெந்நீர்தான் வராது. மாட்டும் இடம் தவறினால் உயிர் போகும்.

தோசைக் கல்லை ஏன் கடை வாசலில், தெருவைப் பார்த்து வைக்கிறார்கள்? ஆளை இழுக்க மட்டுமில்லை. தீக்குக் காற்று வேண்டும், புகைக்கு வழி வேண்டும். கீசரின் தீக்கும் அதே தேவைதான். ஒரு கிலோ கேஸ் எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடி, எட்டடி உயரக் குளியலறையில் இருப்பதே 8 கன மீட்டர்தான். 6 லிட்டர் கீசர் முழுத் தீயில் 20 நிமிடம் எரிந்தால் அதில் பாதி தீர்ந்துபோகும். காற்று குறையக் குறைய தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், அதற்கென்றே மருந்து கலக்கிறார்கள். இந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும், கால் தளரும், கதவைத் திறக்க எழ முடியாது.

1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மோகன் செய்த முதல் உடனடி கேஸ் கீசருக்குப் புகைபோக்கி கிடையாது. அது ஆபத்தானது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் இன்றும் குளியலறைக்குள்ளேயே மாட்டுகிறார்கள். நம் பக்கம் இது இன்னும் கொடுமை. சாரல் காலத்தில்தான் வெந்நீர் கேட்கிறோம். அதே சாரலுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்கிறோம்.

ஆகவே கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, புறவாசல் சுவரில் மாட்டுங்கள். உள்ளே வெந்நீர்க் குழாய் மட்டும் போகட்டும். மேற்குச் சுவர் வேண்டாம். சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று தீயை அணைக்கும், புகையையும் திருப்பி அடிக்கும். கிழக்குச் சுவர் நல்லது. ஐப்பசி மழை படாமல் மேலே ஒரு சன்ஷேடு போடுங்கள். ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டினால் புகை வீட்டுக்குள்ளேயே வரும். ஐஎஸ் 15558 எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சமையல் சிலிண்டரிலிருந்து ரப்பர் டியூபைக் கிளை பிரித்து இழுக்காமல், கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கைக் கொண்டு முறையாக இணைப்புக் கொடுங்கள். இணைத்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு.

பிறகு குழாயைத் திறந்து, கீசரின் சிறு கண்ணாடி வழியாகத் தீயைப் பாருங்கள். நீலமாக எரிந்தால் சரி. மஞ்சளாக நாக்கு நீட்டினால் உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை குளிக்கத் தண்ணீரை அடுப்பில் காயவையுங்கள்.